மரத்தடிக்கு வந்த மோட்டார்

டாக்டர் ஐடா ஸ்கட்டர் வாழ்க்கை

அது 1909-ஆம் ஆண்டு. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலை.

மாட்டு வண்டிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. புழுதி எழுந்தது. மாடுகள் மிரண்டன. வயலில் குனிந்து வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழந்தைகள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் வண்டி ஓடி வந்தது!

அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் ஜமீன்தாரிணி அல்ல. கலெக்டரின் மனைவியும் அல்ல. ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கட்டர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தவர்.

மோட்டார் வண்டி என்றாலே பணக்காரரின் பகட்டு என்று இருந்த காலம் அது. அந்தப் பகட்டுப் பொருளை ஏழையின் மருந்துப் பெட்டியாக மாற்றிய பெண்மணியின் கதை இது.

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

ஐடா அமெரிக்கர். ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில். பிறந்த நாள் 1870 டிசம்பர் 9.

அவருடைய தாத்தா ஜான் ஸ்கட்டர் ஒரு டாக்டர். 1819-ல் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். பின்பு சென்னைக்கு வந்து மதப் பணியும் வைத்தியமும் செய்தார். ஐடாவின் தந்தையும் டாக்டர்தான். அவர் பெயரும் ஜான். பல ஆண் பிள்ளைகளுக்கு இடையே ஐடா ஒரே பெண்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பசியால் வாடிய பிள்ளைகளுக்குச் சிறுமி ஐடா தன் கையால் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தாள். அந்தக் காட்சி அவள் மனத்தை விட்டு அகலவில்லை.

பிறகு அமெரிக்கா சென்று படித்தாள். அங்கே வாழ்க்கை இனித்தது. இந்தியாவின் வெயிலும் பஞ்சமும் நோயும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். குடும்பத்தார் எல்லாரும் போன வழியில் தான் போவதில்லை என்பது அவள் எண்ணம்.

ஒரே இரவில் மூன்று பேர்

தாயாருக்கு உடல்நலம் இல்லை என்ற செய்தி வந்தது. கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். தாயார் தேறியதும் திரும்பிவிடுவது என்று திட்டம்.

ஒருநாள் இரவு கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பிராமண வாலிபர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. தம் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்றார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடக்கூடாது என்று சொல்லி அந்த வாலிபர் திரும்பிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஒரு முஸ்லிம். அதே துன்பம். அதே மறுப்பு.

மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வேறொரு இந்துக் குடும்பத்தவர். அவரும் அப்படியே திரும்பினார்.

ஐடா அன்றிரவு கண் மூடவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று வேலையாள் வந்து சொன்னார்.

டாக்டர் சில அடி தூரத்தில் இருந்தார். ஆனாலும் உதவி போய்ச் சேரவில்லை. ஐடாவின் நெஞ்சில் தைத்த முள் இதுதான். மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது வேண்டியவரிடம் போய்ச் சேர வேண்டும். அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் இதுவே பாடமாயிற்று.

ஒரே படுக்கை

ஐடா அமெரிக்கா திரும்பினார். டாக்டருக்குப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்டு அக்கல்லூரி பட்டம் அளித்த முதல் அணியில் அவரும் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். நியூயார்க்கில் ஷெல் என்ற பாங்கர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையிடம் தொழில் பழகலாம் என்று நினைத்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். இளம் டாக்டர் தனித்து நின்றார்.

பங்களாவின் ஒரு சிறு அறையே ஆஸ்பத்திரி. படுக்கை ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் யாரும் எளிதில் வரவில்லை. ஒருவர் குணமானார், பத்துப் பேர் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் செய்தார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் கிராமத்துத் தாய் எப்படி வருவாள்? பணம் இல்லை. வண்டி இல்லை. வீட்டை விட்டு வர அனுமதி இல்லை. மறுபடியும் அதே முள்தான். உதவி இருக்கிறது, போய்ச் சேரவில்லை.

நோயாளி வர முடியாவிட்டால் டாக்டர் போக வேண்டும். 1906-ல் சாலையோர வைத்தியத்தைத் தொடங்கினார் ஐடா. மாட்டு வண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பினார்.

வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் இடையே சுமார் 23 மைல். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு அல்லது மூன்று மைல்தான் போகும். போவதற்கே ஒரு பகலோ ஓர் இரவோ ஆகிவிடும். வைத்தியம் செய்யும் நேரத்தைவிடச் சாலையில் கழியும் நேரமே அதிகம்.

ஒற்றைச் சிலிண்டர் வண்டி

இந்த நிலையில்தான் 1909-ல் ஐடாவுக்கு ஒரு மோட்டார் வண்டி வாய்த்தது. பிரெஞ்சு நாட்டில் செய்த பியூஜோ வண்டி. இஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர்.

பியூஜோ குடும்பத்தார் முதலில் ரம்பம், காப்பி அரைக்கும் கருவி, சைக்கிள் போன்றவற்றைச் செய்து விற்றவர்கள். ரம்பத்துக்கு அவர்கள் போட்ட சிங்க முத்திரைதான் பின்னாளில் மோட்டாருக்கும் வந்தது.

இப்போதைய கார்களில் நான்கு சிலிண்டர், ஆறு சிலிண்டர் என்று இருக்கும். ஒன்று ஓயும்போது மற்றொன்று தள்ளும். அதனால் ஓட்டம் சீராக இருக்கும். ஒற்றைச் சிலிண்டர் வண்டி அப்படி அல்ல. ஒவ்வொரு வெடிப்புக்கும் வண்டி முழுவதும் அதிரும். சத்தம் வெகு தூரம் கேட்கும்.

அந்தச் சத்தமும் பிறகு உபகாரமாயிற்று. வண்டி வருவதைக் கிராமத்தார் காதாலேயே தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

அன்று மோட்டார் வைத்திருப்பது

இன்று சாவியைத் திருப்பினால், அல்லது ஒரு பொத்தானை அழுத்தினால் கார் கிளம்பிவிடுகிறது. அன்று மோட்டார் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போல.

வண்டியின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பும். சில நேரம் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கவனம் தவறினால் மணிக்கட்டு முறிந்துவிடும்.

பெட்ரோல் பங்க் கிடையாது. பெட்ரோல் டின்களில் வரும். அதை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்க வேண்டும். வெயிலில் இஞ்சின் சூடேறும். வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரவு விளக்குக்கு மின்சாரம் இல்லை. கார்பைட் வாயுவால் எரியும் விளக்குகளே பல வண்டிகளில் இருந்தன.

டயர்தான் பெரிய தொல்லை. மாடுகளின் லாட ஆணிகள் சாலையெங்கும் கிடக்கும். ஓர் ஆணி ஏறினால் காற்று இறங்கிவிடும். உட்கார்ந்து டயரைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்டு, கையால் காற்றடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அக்காலத்து மோட்டார்கள் பலவற்றில் கிளட்ச் என்ற பாகத்துக்குத் தோலே உறை. இஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்தோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. அந்தத் தோல் காய்ந்து இறுகிவிட்டால் வண்டி குதித்துக் கிளம்பும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும். அளவாக விளக்கெண்ணெய் தடவித் தோலைப் பக்குவமாக வைத்திருப்பார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்துக்குத் தோல் புதிது அல்ல. ஆவாரம் பட்டையால் தோலைப் பதனிட்டுக் கப்பலேற்றிப் பேர் வாங்கிய பூமி இது. காய்ந்த தோலை வழிக்குக் கொண்டுவர இங்கே ஆள் உண்டு. ஆனால் இரும்புப் பாகம் உடைந்தால் என்ன செய்வது?

காரண்டி எவ்வளவு தூரம் வரும்?

அந்நாளில் மோட்டார்கள் சென்னையில்தான் கொஞ்சம் இருந்தன. அங்கே முதல் நம்பரான எம்.சி. 1 என்ற எண், துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களின் வண்டிக்கு உரியது. குதிரை வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனியார் 1903-ல் நீராவியால் ஓடும் மோட்டார் ஒன்றைக் கட்டினார்கள். மோட்டார் தெரிந்த தொழிலாளிகள் அங்கே உருவாகிக்கொண்டிருந்தார்கள்.

வேலூரில் அப்படிப்பட்ட பட்டறை இல்லை. கொல்லன் உலை உண்டு. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுபவர் உண்டு. பிரெஞ்சு இஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குப் புதிது.

கம்பெனி தரும் காரண்டி? அக்காலத்தில் அது பெரும்பாலும் சில மாதங்களுக்கே. பழுதான பாகத்தைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். செய்தவிதத்தில் குறை இருந்தால் மாற்றித் தருவார்கள். அனுப்பும் செலவு வாங்கியவருடையது. டயருக்குப் பொதுவாக இதில் இடமில்லை. பிரான்சு நாட்டுக்குக் கடிதம் போய், பாகம் கப்பலில் வந்து சேர வாரக் கணக்கில் ஆகும். காகிதத்தில் இருந்த காரண்டியால் குடியாத்தம் சாலையில் நின்ற வண்டியை ஓட்ட முடியாது.

அக்கால வண்டிகள் அடிக்கடி நின்றுபோகும். ஐடாவின் வண்டியும் இதற்கு விலக்கல்ல. ஆனால் வண்டி படுத்தும் பாட்டுக்காக அவர் பயணத்தைக் கைவிடவில்லை. ஏனென்றால் அவரும் ஒரு காரண்டி கொடுத்திருந்தார். அதை எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. வாரத்தில் குறித்த நாளில், குறித்த மரத்தடிக்கு, டாக்டர் வந்தே தீருவார். அதுதான் அவர் கொடுத்த காரண்டி.

மரத்தடி ஆஸ்பத்திரி

முதலில் வண்டியைக் கண்டு ஓடியவர்கள் பிறகு வண்டிக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

சாலையோரத்தில் நிழல் மரங்கள்தாம் ஆஸ்பத்திரி. குருடரைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். நடக்க முடியாதவரைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். தாய்மார்கள் காய்ச்சலில் துவண்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சொறி, ஆறாத புண், கண்ணோய், பல்வலி எல்லாம் அங்கே வரும். தொழுநோயாளிகளும் வருவார்கள். மற்றவர்கள் விலக்கிவைத்த அவர்களுக்கும் அங்கே மருந்து உண்டு.

கட்டியைக் கீறுவது, பல்லைப் பிடுங்குவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்தைக் கலந்து கொடுப்பது எல்லாம் மர நிழலிலேயே நடக்கும். பெரிய சிகிச்சை வேண்டியவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வார்கள். ஒரு மரத்தடி முடிந்ததும் அடுத்த மரத்தடி. கடைசியில் குடியாத்தம்.

மாட்டு வண்டியில் ஒரு பகல் தின்ற தூரத்தை மோட்டார் சில மணி நேரமாகச் சுருக்கியது. மிச்சமான நேரமெல்லாம் நோயாளிகளுக்குக் கிடைத்தது. அந்த வண்டியால் வந்த லாபம் அதுதான்.

ஒருத்தி போதாது

வண்டி எத்தனை வேகமாக ஓடினாலும் டாக்டர் ஒருவர்தானே? ஐடா இதை உணர்ந்தார்.

1909-ல், மோட்டார் வந்த அதே ஆண்டில், நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, நம் பெண்களையே டாக்டர்களாக்க வேண்டும் என்று விரும்பினார். பெண்கள் டாக்டருக்குப் படிக்க வருவார்களா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று நினைத்தார்கள். வந்த விண்ணப்பங்கள் 151!

1918 ஆகஸ்டு 12-ல் பெண்கள் மருத்துவப் பள்ளி பிறந்தது. வாடகைக் கட்டடம். சில புத்தகங்கள். ஓர் எலும்புக்கூடு. ஐடாவே பாடம் நடத்தினார். முதல் அணியில் 14 பெண்கள் படிப்பை முடித்து 1922-ல் வெளியே வந்தார்கள்.

மாணவிகளையும் ஐடா சாலை வைத்தியத்துக்கு அழைத்துப் போனார். வகுப்பில் படித்த நோயை மரத்தடியில் கண்ணால் கண்டார்கள். நோயாளியின் வறுமையையும் சேர்த்துக் கண்டார்கள்.

எழுபது வயதில் கப்பல்

1930-களின் கடைசியில் பெரிய சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் இனிக் குறைந்த படிப்பை நடத்தக்கூடாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயர வேண்டும் என்று மாகாண அரசு முடிவு செய்தது. அதற்குப் புதிய கட்டடங்கள், கருவிகள், பேராசிரியர்கள் தேவை. பணம் இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

ஐடாவுக்கு வயது எழுபது. ஓய்வெடுக்க வேண்டிய காலம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1941-ல் அமெரிக்கா சென்றார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நிதி திரட்டினார்.

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பிறகு ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று அவர் கைக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்பார்கள். ஊர் பெயர் தேவைப்படவில்லை. அவரே ஊராகிவிட்டார்.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89. மணம் செய்துகொள்ளவில்லை. 2000-ல் இந்திய அரசு வேலூர் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டையொட்டி அஞ்சல் தலை வெளியிட்டது.

அந்தச் சாலையில் இன்று

ஐடாவின் மோட்டார் ஓடிய காட்பாடிப் பக்கத்தில்தான் கரிகிரி இருக்கிறது. அங்கே 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் வட்டாரத்தில் தொழுநோயை ஒழிப்பதில் அது பெரும்பங்கு ஆற்றியது. ஒரே படுக்கையோடு தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரியில் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் இருக்கின்றன.

தோல் தொழிலால் செழித்த இந்த வட்டாரத்தில் இன்று சொகுசுக் கார்களுக்குப் பஞ்சமில்லை. ஐடா பிறந்த ராணிப்பேட்டை இப்போது ஒரு மாவட்டத்தின் தலைநகர். அந்த மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28-ல் டாட்டா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 9,000 கோடி ரூபாய். ஜாகுவார் லேண்ட் ரோவர் சொகுசுக் கார்கள் அங்கே உருவாகும் என்று அறிவிக்கப்பட்டது. பிரான்சிலிருந்து ஒரு வண்டி வந்து இறங்கிய மண்ணில், உலகத்தின் உயர்ந்த கார்கள் பிறக்கும் காலம் இது.

இன்று கார் வாங்குபவர் பல கேள்விகள் கேட்கிறார். எத்தனை ஆண்டு வாரண்டி? பழுது பார்க்கும் இடம் எவ்வளவு தூரம்? உதிரி பாகம் உடனே கிடைக்குமா? நியாயமான கேள்விகள்தாம். பணம் கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும்.

ஐடாவின் வண்டிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. பட்டறை இல்லை. பாகம் கிடைக்காது. ஆனாலும் அந்த வண்டியை நம்பி ஏழைகள் மரத்தடியில் காத்திருந்தார்கள். அவர்கள் நம்பியது இஞ்சினை அல்ல, வருவதாகச் சொன்னவரை.

கம்பெனி கொடுக்கும் காரண்டிக்குக் காலக்கெடு உண்டு. மனிதர் கொடுக்கும் வாக்குக்கு அது கிடையாது. வாக்கைக் காப்பாற்றுகிறவர் ஏறினால், ஒற்றைச் சிலிண்டர் வண்டியும் தேர்தான்.